மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா ஆண்டவர்?

திங்கட்கிழமை என்றால் என் டிஸ்பென்சரியில் கூட்டம் கொஞ்சம் அதிகம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வெளியே வரும்போது நாலு பேர் நாலு விதமாக யோசனை சொல்லியிருப்பார்கள். ராத்திரி முழுக்க அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு, மறுநாள் காலையில் என் முன்னால் வந்து உட்காருவார்கள்!

அப்படி ஒரு திங்கட்கிழமை வந்தார் அந்த டீச்சர். ஐம்பத்திரண்டு வயது. கைக்குட்டையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். உள்ளே அரையும் குறையுமாய் மாத்திரை அட்டைகள்.

"டாக்டரய்யா, இதையெல்லாம் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. விசுவாசத்துல விட்டுட்டேன். ஆனா ராத்திரி ஆறேழு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு. நாக்கு வறண்டு போவுது. நம்ம நாட்டு மருந்து ஏதாவது குடுங்க. இங்கிலீஷ் மருந்து மட்டும் வேண்டாம்."

விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 386.

சித்த வைத்தியனுக்கு இது சந்தோஷமான விஷயம்தானே, வலிய வந்த பேஷன்ட் ஆயிற்றே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. சூரணம் சாப்பிட்டால் விசுவாசம் குறையாது, மாத்திரை சாப்பிட்டால் மட்டும் குறைந்துவிடும் என்று யார் கணக்குப் போட்டது? ஆவாரம்பூவைப் படைத்தவர்தானே அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவனின் மூளையையும் படைத்தார்? என்னிடம் மருந்து இருக்கிறது. ஆனால் 386-ஐ வைத்துக்கொண்டு, பழைய மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, என் சூரணத்தை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்புவது வைத்தியம் ஆகாது. அவர் முன்னாலேயே அவருடைய டாக்டருக்கு போன் போட்டு, அன்று மாலையே போய்ப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன்.

போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் ஆண்டவரை நம்பலைன்னு ஆயிராதா டாக்டரய்யா?"

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது டிஸ்பென்சரியில் அல்ல. என் சொந்த வீட்டில்.

என் மூத்த அக்காவுக்குப் பத்து வருஷமாய் சர்க்கரை. 2009-ல் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள். 'சுகமாகிவிட்டது என்று விசுவாசிக்கிறவர்கள் மருந்தைத் தூக்கி எறியுங்கள்' என்று மேடையில் சொன்னார்களாம். அக்கா எறிந்துவிட்டாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடக்க இருந்தது. பந்தக்கால் நடுகிற வீட்டில் எதற்குச் சண்டை, கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, ஊர் முழுக்க நீரிழிவுக்குப் பத்தியம் சொல்கிறவன், கூடப் பிறந்த அக்காவிடம் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து, கொல்லைப்பக்கம் விறகு எடுக்கப் போன இடத்தில் ஒரு உடைமுள் பாதத்தில் ஏறிவிட்டது. ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை! செருப்பில் ஈரமாய் இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. நீண்ட நாள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உள்ள நரம்புகள் கெட்டு உணர்ச்சி போய்விடும். வலி இல்லாததால் புண்ணைக் கவனிக்க மாட்டார்கள். ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும், புண் ஆறாது. சர்க்கரை ஏறிக் கிடக்கும் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குறைவு. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

அதைவிடக் கொடுமை அதற்குப் பின்னால் நடந்தது. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு சும்மா வந்தார்களா? "எங்கேயோ ஒரு பாவம் மறைஞ்சிருக்கு, அறிக்கை பண்ணு." "விசுவாசிச்சதுல சந்தேகம் கலந்திருக்கும், அதான்." வந்தவர் போனவர் எல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விசாரணை நடத்திவிட்டுப் போனார்கள். மருந்தைத் தூக்கி எறியச் சொன்ன கூட்டத்தார் ஒருவரும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் ராத்திரி நான் துணைக்கு இருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று கேட்டாள்: "தம்பி, என் விசுவாசத்துல என்ன குறை? நீ சொல்லு."

என்ன சொல்ல? காலை இழந்தவள் விசுவாசத்தையும் இழந்தவளாகத் தன்னை நினைக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் இழப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் வாசகர்களே, இதை உங்களிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

வேதாகமம் வாசிக்கிற வீடுகளில் எசேக்கியா ராஜாவின் கதை எல்லோருக்கும் தெரியும். சாகும் தறுவாயில் கிடந்தான். சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தான். அவன் ஆயுளில் பதினைந்து வருஷம் கூட்டப்பட்டது. பிரசங்கங்களில் இதுவரைக்கும்தான் சொல்வார்கள். அடுத்து வருவதை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, ராஜாவின் கட்டியின் மேல் வைக்கச் செய்தார். அதன் பிறகே ராஜா பிழைத்தான் என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்.

ஆண்டவர் ஒரு வார்த்தையில் சுகம் தந்திருக்கலாமே, அத்திப்பழம் எதற்கு? எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு தனி சந்தோஷம். சித்த மருத்துவத்தில் உள்ளுக்குத் தரும் அக மருந்து 32 வகை, வெளியே போடும் புற மருந்து 32 வகை. புற மருந்தில் 'கட்டு' என்று ஒன்று உண்டு. மூலிகையை நசுக்கியோ வதக்கியோ கட்டி, வீக்கத்தின் மேல் வைத்துக் கட்டுவது. ஏசாயா செய்ததும் ஏறக்குறைய அதுதான்! (பாலஸ்தீனத்து அத்தி, நம் ஆற்றங்கரை அத்தி அல்ல. நாட்டு மருந்துக் கடையில் மாலை மாதிரி கோத்துத் தொங்குமே, அந்தச் சீமை அத்தி.) ஜெபம் கேட்கப்பட்டது, மருந்தும் போடப்பட்டது. இரண்டையும் ஒரே தீர்க்கதரிசிதான் செய்தார்.

பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 'உனக்கு விசுவாசம் போதாது' என்று எழுதவில்லை. அவர்கூடப் பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். கத்தோலிக்கர்களின் வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் என்று ஒரு நூல் உண்டு. அதன் 38-ம் அதிகாரம், மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மண்ணிலிருந்து மருந்தை உண்டாக்கியவர் ஆண்டவரே என்கிறது.

சரி டாக்டர், மருந்தும் சாப்பிட்டாச்சு, ஜெபமும் பண்ணியாச்சு, அப்படியும் குணமாகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கான்சர் வந்த வீட்டில் இருந்து, பக்கவாதத்தில் கணவர் படுத்திருக்கும் வீட்டில் இருந்து, நகையை எல்லாம் அடகு வைத்தும் குழந்தையின் சிறுநீரகம் சரியாகாத வீட்டில் இருந்து வருகிற கேள்வி. இதற்கு பதில் வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னால் என்னை நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல முடியும். குணமாகாதது விசுவாசக் குறைவுக்கு அடையாளம் என்று வேதாகமம் சொல்லவில்லை. பவுலின் உடம்பிலேயே ஒரு முள் இருந்தது. என்ன வியாதி என்று அவர் சொல்லவில்லை. மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது போகவில்லை. எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய அதே பவுல், துரோப்பீமு என்ற தன் தோழரை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லையா? பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். என் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் அந்த இடத்தைப் படிக்காதவர்களா? நூறு தடவை படித்தவர்கள்!

யோபுவின் மூன்று நண்பர்களை நினைத்துக்கொள்வேன். பார்க்க வந்தவர்கள் முதல் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், கெட்டது! நீ பாவம் செய்யாமல் இது வருமா என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். யோபுவோ கடவுளிடமே சண்டைக்குப் போனான். கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யாரை? கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேரை.

அக்காவைப் பார்க்க எங்கள் பழைய குருவானவர் வந்தார். ரிட்டயர் ஆகி வெகுநாள் ஆனவர். வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 88-ம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுகையில் ஆரம்பித்துத் துதியில் முடியும். இது மட்டும் இருட்டிலேயே ஆரம்பித்து இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. வாசித்துவிட்டு, "இதுவும் வேதத்துலதாம்மா இருக்கு. உனக்கு ஆண்டவர்கிட்ட கோவம் இருந்தா அவர்கிட்டயே சொல்லு. அவர் தாங்கிக்கிடுவாரு" என்றார். அக்கா ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த அழுகைக்குப் பிறகுதான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். வைத்தியனாக இதை நான் கவனித்திருக்கிறேன். 'நான் நன்றாக இருக்கிறேன், ஸ்தோத்திரம்' என்று வந்தவர்களிடம் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற நோயாளிக்குத் தூக்கம் வராது, பசி எடுக்காது. பயமாக இருக்கிறது என்று ஒருவரிடமாவது சொல்ல முடிகிறவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவார்.

கஷ்டத்தில் கடவுளை நம்புவது என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் வேலூரில் வாழ்ந்த ஒரு டாக்டரம்மாவைச் சொல்வேன். மேரி வர்கீஸ். கொச்சியில் 1925-ல் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே டாக்டரானவர். 1954-ல் சக டாக்டர்களோடு பிக்னிக் போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. எதற்கும் குறைவில்லாத பக்திக் குடும்பம். எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! கால் திரும்பி வரவில்லை.

அப்போது அங்கே டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். தொழுநோயாளிகளின் கைவிரலும் பாதமும் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாமல் போவதால் அடிபட்டும் சுட்டும் அழிகின்றன என்று எடுத்துக்காட்டியவர். (என் அக்கா பாதத்தில் முள் ஏறிய கதையும் அதேதான், காரணம்தான் வேறு.) மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். அந்த ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே, நீ ஏன் செய்யக்கூடாது என்று மேரி வர்கீஸிடம் அவர் யோசனை சொன்னார்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த அம்மாள் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். தன் கால் நடக்காத ஒருவர், அடுத்தவர் கையை வேலை செய்ய வைத்தார். அதோடு நிற்கவில்லை. அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1986-ல் காலமானார். விபத்து நடந்து 32 வருஷம் அவர் நடக்கவே இல்லை. அவர் விசுவாசத்தை அளக்க யார் கையில் படி இருக்கிறது, சொல்லுங்கள்?

கொஞ்சம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிறவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும், வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். ஜெபக்கூட்டத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, குழறிப் பேசிச் சாய்ந்தால், சுற்றி இருப்பவர்கள் அதை வேறு ஏதோ என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபிக்க வாய்ப்பு உண்டு. நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். உபவாசம் இருந்தே ஆகவேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாட்டை விட முடியாதவர்கள் டி.வி.யை விடலாம், புரணி பேசுவதை விடலாம். அதுவும் லேசுப்பட்ட உபவாசம் இல்லை!

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒருபோதும் திடீரென்று நிறுத்தக்கூடாது. தொடர்ச்சியாக வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குச் சில வாரத்தில் இருமல் குறைந்து தெம்பு வந்துவிடும். சுகம் கிடைத்துவிட்டது என்று பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். சிறு வயதிலேயே சர்க்கரை வந்த பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிர் ஊசலாடும். இதிலெல்லாம் எந்த விளையாட்டும் வேண்டாம். ஆண்டவர் நிஜமாகவே சுகம் தந்திருந்தால் அது ரத்தப் பரிசோதனையிலும் தெரியத்தானே செய்யும்? டாக்டரே பார்த்துக் குறைக்கட்டும். எங்கள் சித்த மருந்துக்கும் இதே பேச்சுதான். என் மருந்தால் சர்க்கரை குறைந்தாலும் பழைய மாத்திரையைக் குறைப்பது அவரவர் டாக்டர் பொறுப்பு.

கத்தோலிக்க வீடுகளில் இன்னொரு சங்கடம். சாமியாரை நோயாளியிடம் அழைத்து வர பயப்படுவார்கள். பழைய காலத்தில் 'அவஸ்தைப் பூசுதல்' என்று பெயர், சாகிற நேரத்தில்தான் கொடுப்பது. சாமியார் உள்ளே வந்தாலே நோயாளி 'என் கதை முடிஞ்சுது' என்று நினைத்துவிடுவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது 'நோயில் பூசுதல்' ஆகிவிட்டது. கடும் நோயில் இருப்பவருக்குத் தெம்பு தருவதற்காக முன்னாலேயே தருவது. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொண்ட ஒருவர், "மயக்க ஊசியைவிட அதுலதான் டாக்டர் பயம் போச்சு" என்று என்னிடம் சொன்னார்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் என்று நாலும் சேர்ந்தால்தான் வைத்தியம் என்று வள்ளுவர் சொல்லி வைத்திருக்கிறார். அந்த நாலாவது ஆளாக நீங்கள் போங்கள். ஜெபம் பண்ணுங்கள், சின்னதாக. போகும்போது தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுபோங்கள். ராத்திரி துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லி, அந்த வீட்டு அம்மாவைத் தூங்க அனுப்புங்கள். மருந்துக்குப் பணம் இருக்கிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏன் வந்தது, எதற்கு வந்தது என்ற ஆராய்ச்சியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அக்கா அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தாள். செயற்கைக் கால் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போவாள். மாத்திரை டப்பாவை வேதபுத்தகத்தின் மேல்தான் வைத்திருப்பாள். காலையில் ஒவ்வொரு மாத்திரையையும் கையில் எடுத்து, "இதுக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லித்தான் வாயில் போடுவாள். சில நாள் மூட்டு உராய்ந்து புண்ணாகிவிட்டால், "என்னய்யா இது, உமக்கே நல்லா இருக்கா?" என்று மேலே பார்த்துக் கேட்பதையும் காதால் கேட்டிருக்கிறேன். 2019-ல் தூக்கத்திலேயே போய்விட்டாள். டப்பாவில் மறுநாளைக்கான மாத்திரை அப்படியே இருந்தது.

டீச்சர் மூன்று வாரம் கழித்து வந்தார். அவருடைய டாக்டர் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, அளவையும் கொஞ்சம் கூட்டியிருந்தார். வெறும் வயிற்றில் 142. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம். முகத்தில் களை வந்திருந்தது. பாதத்தைக் காட்டச் சொல்லி விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். புண் ஒன்றும் இல்லை.

"டாக்டரய்யா, ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துல சாட்சி சொல்லுவோம் லா? மாத்திரையை நிறுத்தி சுகம் கிடைச்சதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நான் மாத்திரை போட்டு ஷுகர் குறைஞ்சதைச் சாட்சியாச் சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க டீச்சர்" என்றேன். "சொல்லுறதுக்கு முன்னால வீட்டுல ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க."